கொளஞ்சி பூசாரி கட்டிவிட்ட கயிறுகள்

செய்தி வந்தபோது எங்கள் வாசலில் ஐந்து பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகன் சதீஷ், எதிர்வீட்டு ஆரோக்கியமேரி, செய்தியைக் கொண்டுவந்த பால் சொசைட்டி குப்புசாமி. ஆரோக்கியமேரி முறம் கேட்க வந்தவள். சதீஷ் தன் மினி வேனின் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும்.

குப்புசாமி சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். "கொளஞ்சி பூசாரி பூட்டாருங்க. வெள்ளிமலை பஸ்ஸுல வந்துகினு இருந்தாராம். கள்ளக்குறிச்சி ஸ்டாண்டுல எல்லாரும் எறங்கிட்டாங்க, இவரு எறங்கல. தூங்குறாருன்னு நெனச்சி கண்டக்டரு தோளைத் தொட்டிருக்காரு."

ஆரோக்கியமேரி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சதீஷ் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தான். அங்கே பூசாரி கட்டிய கறுப்புக் கயிறு இருந்தது. அவன் பார்த்ததை நான் பார்த்தேன். போனவருக்காக அழ வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காரியப் பத்திரிகையோடு சேர்த்துக் கொடுக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் பூசாரியின் தம்பி அண்ணாமலை. ஐந்தாவது வரை படித்து, பிறகு பலசரக்குப் பொட்டலத் தாளையும் கோயில் நோட்டீசையும் வாசித்தே எழுதக் கற்றவள் நான். கோயில் திருவிழாக் கணக்கை வருடம் தவறாமல் எழுதுகிறேன் என்பதால் கேட்டார். ஒரு பக்கம் என்பது தாண்டிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் கையால் கயிறு கட்டிக்கொண்டவர்களும், கட்டிவிடச் சொல்லி ஆளைக் கூட்டிவந்த அம்மாக்களும் மனைவிமார்களும்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? சதீஷும் படித்துவிட்டான். "எழுதும்மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். குடியை விட நினைப்பவர்கள் எங்கள் ஏரிக்கரை முனீஸ்வரன் கோயிலுக்கு வருவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியோடு நிற்க வேண்டும். கற்பூரத்தின் முன்னால் சத்தியம் சொன்னதும் பூசாரி வலது மணிக்கட்டில் கயிறு கட்டுவார். மூன்று மாதம், ஆறு மாதம் என்று தவணை உண்டு. தவணை முடிந்தால் கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். நடுவில் முடியாமல் போனாலும் அப்படித்தான். "அறுக்காதே. முடியலைன்னா வா. நான் அவுத்து வுடறேன்" என்பார் பூசாரி. கயிறு கட்டும்போது ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லும் கடைசி வார்த்தை அதுதான்.

இறந்த அன்றும் அந்த வேலையாகத்தான் போயிருந்தார். கல்வராயன் மலையில் ஒருவருக்குத் தவணை முடிந்துவிட்டது, கால் எலும்பு முறிந்து இறங்கிவர முடியவில்லை. இவர் முந்தின நாளே வெள்ளிமலைக்குப் போய், அங்கே தங்கி, காலையில் அவர் கையைப் பிடித்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

அவரைப் பிறவிச் சாமியார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அரசாங்கமே லாட்டரி நடத்திய காலத்தில் அவர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்றார். மைக்கில் குலுக்கல் நேரத்தைச் சொல்லிக் கூவுவார். அந்தக் குரலைத்தான் பிறகு நாம் திருவிழாவில் கேட்டோம். இதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. "நான் வித்த சீட்டுல ஒரே ஒருத்தன் லட்சாதிபதி ஆனான். யாருன்ற? எனக்குச் சீட்டு குடுத்த ஏஜெண்டு" என்று சொல்லிவிட்டு, நாங்கள் சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார்.

லாட்டரிக்குத் தடை வந்தது. ஒரே நாளில் கடை போயிற்று. அரசாங்கத்தை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, பூசை முறையை எடுத்துக்கொண்டார். சில மாதம் கழித்து அதே பஸ் ஸ்டாண்டில் தன்னிடம் தினமும் சீட்டு வாங்கிய ஒரு சைக்கிள் கடைக்காரரைப் பார்த்திருக்கிறார். அந்த ஆள் மகளைச் செருப்புக் கடையில் உட்காரவைத்துப் புதுச் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்னைப் பார்த்து இன்னா பூசாரி, கடை வெக்கலயான்னு கேட்டான். நீ வாங்கமாட்டியேன்னேன். இருந்தா வாங்குவேன், இல்லாததால வாங்கல, அவ்ளோதான்னான். அன்னிக்குத்தான் திட்டுறதை வுட்டேன்" என்றார் என்னிடம். இருந்தால் வாங்குவேன், இல்லாததால் வாங்கவில்லை. இந்த ஒரு பேச்சை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

நான் அப்போது அதை ஏற்கவில்லை. கோயில் மண்டபத்தில் திருவிழாக் கணக்கு எழுதிக்கொண்டே அவரோடு வாதாடினேன். மலையில் சாராயத்துக்கும்தான் தடை இருக்கிறது, நின்றதா என்று கேட்டேன். லாட்டரி போன பிறகு மூன்று நம்பர் எழுதி ரகசியமாக விற்கவில்லையா? மனிதனுக்குத் தெய்வ பயம் இருந்தால் போதும், அரசாங்கம் எதற்கு என்றேன். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கணக்கம்மா, ஒளிஞ்சி விக்கிறவன்கிட்ட ஒளிஞ்சிதான் போவணும். போற வழியில மச்சான் பார்ப்பான், மாமன் பார்ப்பான். பாதிப் பேரு அந்த வெக்கத்துலயே திரும்பிடுவான். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கயிறு. எல்லாத்தையும் கயித்துலயே கட்டுன்னா சாமி தாங்கும், நான் தாங்கமாட்டேன்."

என்னை அவர் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார். கிண்டல்தான். ஆனால் அந்தக் கணக்குதான் என் வீட்டில் தீப்பிடித்ததைக் காட்டிக்கொடுத்தது. சதீஷ் டீசலுக்கு என்று வாங்கிப்போன பணம், மலைக்குப் போய்வந்த நடையோடு ஒத்துவரவில்லை. மரவள்ளி ஏற்றப் போகிறவன், எட்டு நடைக்கு டீசல் பணம் வாங்கி ஐந்து நடைதான் போயிருந்தான். கேட்டதற்கு எரிந்து விழுந்தான். பிறகு ஒரு நாள் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதான். போனில் பணம் கட்டி ஆடுகிற சீட்டாட்டம். வண்டியின் மேல் கடன் வாங்கியிருந்தான், என் செயினும் போயிருந்தது. அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

அவனை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஆயுசுக்கும் தொடாதபடி கட்டிவிடுங்கள் அண்ணே என்றேன். அவர் கட்ட மறுத்துவிட்டார். எனக்கு அவமானமாகிவிட்டது. ஊரான் பிள்ளைக்கெல்லாம் கட்டுகிற கை என் பிள்ளைக்கு மட்டும் ஏன் மடங்குகிறது என்று சத்தமாகவே கேட்டேன்.

"குடிகாரனைக் கூப்டாந்தா, கடை இருக்கிற தெருவுல போவாதடா, சுத்திப் போன்னு சொல்லுவேன். இவனுக்குக் கடை சோப்புக்குள்ள கீது. எங்க சுத்திப் போவச் சொல்றது?" என்றார். சட்டைப் பையைத்தான் சோப்பு என்பார். பிறகு சதீஷிடம், போனைத் தூக்கிப் போட முடியுமா என்று கேட்டார். லோடு கேட்டு மலையிலிருந்து வருகிற அழைப்பும் வாடகைப் பணமும் அதில்தான் வருகிறது என்றான். உண்மைதான். அவர் கயிற்றைக் கையில் எடுத்தார். "இதுல பாதி நான் கட்டறேன். மீதிப் பாதி அரசாங்கம்தான் கட்டணும். அது கட்டுற வரைக்கும் உன் தலையெழுத்து" என்று சொல்லி, மூன்று மாதத் தவணைக்கு மட்டும் கட்டினார். ஆயுசுக்கும் என்று கேட்டால் அவர் யாருக்குமே கட்டமாட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆரோக்கியமேரியின் வீட்டுக்காரருக்கு அவர் கட்டியதையும் இங்கே சொல்ல வேண்டும். அவரும் இதே போன் ஆட்டத்தில் மாட்டியவர். கோயிலுக்கு வரத் தயங்கி, ஏரிக்கரையோடு நின்றுவிட்டார். பூசாரி தட்டோடு அங்கேயே இறங்கிப் போனார். எங்கள் சாமி பெயரைச் சொல்லும்படி கேட்கவில்லை. "நீ யாருக்குப் பயப்படுவியோ அவங்க பேரைச் சொல்லு. எனக்கு இன்னா?" என்றார். அவர் மாதா பெயரைச் சொன்னார். இவர் கயிற்றைக் கட்டினார். கோயில் கமிட்டியில் முணுமுணுத்தவர்களும் உண்டு. அடுத்த வாரம் அந்த முணுமுணுத்தவர்களில் ஒருவர் தன் தம்பியை அழைத்துவந்து, அவன் யாருக்குமே பயப்படமாட்டேன் என்கிறான், என்ன செய்வது என்று கேட்டார். "பொண்டாட்டி பேரைச் சொல்லச் சொல்லு" என்றார் பூசாரி.

இனி என் தவறைச் சொல்கிறேன். இதை அவர் உயிரோடிருந்தபோது ஒரே ஒரு முறைதான் பேசினோம்.

அந்த முதல் கயிறு ஏழாவது வாரத்தில் தோற்றது. சதீஷ் மறுபடி ஆடிவிட்டான். அவனே வந்து என்னிடம் சொன்னான். பூசாரிகிட்ட போறேம்மா, அவுக்கச் சொல்றேன் என்று கிளம்பினான். நான் விடவில்லை. பட்டப்பகலில் தெரு வழியாகக் கயிறு அவிழ்க்கப் போனால் ஊர் முழுவதற்கும் தெரியுமே, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தேன். அரிவாள்மனையில் அவன் கையை வைக்கச் சொல்லி நானே கயிற்றை அறுத்தேன். கிணற்றில் போட்டேன். விரதம் இருக்கிறவள், வெள்ளி செவ்வாய் விளக்கேற்றுகிறவள் நான்.

பூசாரி பத்து நாள் கழித்து வீட்டுக்கே வந்தார். கயிறு எங்கே என்று கேட்டார். மலையில் மூட்டை ஏற்றும்போது அறுந்துவிட்டது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீதான் அறுத்த. அவன் அறுத்திருந்தா இந்நேரம் வந்து என் எதுர்ல நின்னிருப்பான். கயித்துல இன்னா கீது கணக்கம்மா, பத்து ரூபா நூலு. தோத்தவன் நாலு தெரு நடந்து வந்து ஒருத்தன் மூஞ்சைப் பார்த்து தோத்துட்டேன்னு சொல்றான் பாரு, அதுலதான் கீது. அந்த நடையை நீ அவனுக்கு இல்லாம பண்ணிட்ட."

திட்டவில்லை. காபி கொடுத்தேன், குடித்தார். பையனை நாளைக்கு வரச் சொல் என்றார். ஆறு மாதத் தவணையில் இரண்டாவது கயிறு கட்டினார். இன்றோடு நூற்றுப் பதினெட்டு நாள். நடுவில் இரண்டு முறை சதீஷ் போய் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஆடவில்லை, ஆடிவிடுவேன் போலிருக்கிறது என்று சொல்லப் போனவன். அவர் அவனைக் கோயில் மண்டபத்தைக் கழுவச் சொல்லியிருக்கிறார். கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தான். இரண்டு முறையும் அப்படித்தான் தப்பினோம்.

அரசாங்கத்தின் பாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் அவருடைய கடைசிக் கவலை. சட்டம் வந்தது, கோர்ட்டுக்குப் போனது, மறுபடி வந்தது என்று பேப்பரில் வாசித்து நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையெல்லாம் நிறுத்தியாகிவிட்டது என்கிறார்கள். ஓயாமல் கண்ணில் பட்ட விளம்பரங்கள் குறைந்தது உண்மை. எத்தனையோ பேர் அதோடு விட்டார்கள், ஆரோக்கியமேரியின் வீட்டுக்காரரும் விட்டார். ஆனால் சதீஷின் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து இன்னும் நீல எழுத்தில் ஒரு வரி வருகிறது. அழுத்தினால் அதே சீட்டாட்டம், வேறு பெயர், வேறு தேசம். நான் அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். நிறுத்தியது நல்லது, நிறுத்தியது நிற்கிறதா என்று தினமும் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். பூசாரி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நான் கட்டிட்டு வுட்டுடறனா? தவணை முடிஞ்சா மலை மேல இருந்தாலும் போறேன்ல. அவங்களும் அப்படி வரணும்னு எழுது" என்றார். எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

நான் மாறிவிட்டேன் என்று இங்கே பதிவு செய்கிறேன். தெய்வ பயம் போதும் என்று சொன்னவள் நான். போதாது. தெய்வத்துக்குப் பயந்த பிள்ளை, விபூதி பூசாமல் வண்டி எடுக்காத பிள்ளை, வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே தோற்றான். எந்த நேரமும் திறந்திருக்கிற கடையின் முன்னால் எந்தப் பிள்ளையும் எத்தனை நாள் நிற்கும்? கடையைச் சாத்த வேண்டியது ஆளுகிறவர்கள் வேலை. சாத்தியும் ஒளிந்து போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்துவது நம் வேலை. இரண்டில் எது இல்லாவிட்டாலும் நாங்கள் மூழ்குவோம்.

இப்போது இரண்டாவது இல்லை.

பூசாரியை எடுத்த அன்று நீங்கள் பலரும் இருந்தீர்கள். பாடை தூக்குமுன் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தபோது, முன்னால் நின்ற ஒருவர் தன் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, அவர் மார்பின் மேல் வைத்துக் கதறினார். அது பக்தியாகத்தான் தெரிந்தது. உடனே இன்னொருவர் வைத்தார். பிறகு வரிசையாக வந்தார்கள். பதினான்கு கயிறுகளை எண்ணினேன். அழுதுகொண்டே வைத்தவர்கள்தான். ஆனால் வைத்துவிட்டுத் திரும்பியபோது சில முகங்களில் ஒரு லேசு தெரிந்தது, பாரம் இறக்கியவன் முகம் மாதிரி. அந்த லேசு எனக்குத் தெரியும். தோற்கப் போகிறவனுக்கு வருவது அது. சதீஷ் என் பக்கத்தில் நின்றான். அவன் மணிக்கட்டை, கயிற்றோடு சேர்த்து, சுடுகாட்டுக்கு அவர்கள் கிளம்பும் வரை நான் விடவில்லை.

மறுநாள் அண்ணாமலையிடம் போய்க் கேட்டேன். அந்தக் கயிறுகள் செல்லுமா, இனி யார் அவிழ்ப்பது என்று. அவர் பாவம், ரிஷிவந்தியத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், பூசை முறை திடீரென்று தலையில் விழுந்திருக்கிறது. "கட்டுன கைதான் அவுக்கணும்னு அண்ணன் சொல்லுவாரு. அந்தக் கை போயிடுச்சி. எனக்கு ஒண்ணும் புரியலைங்க" என்றார். கமிட்டியில் ஒருவர் சத்தியம் முனீஸ்வரனுக்குத்தானே, பூசாரி இருந்தாலென்ன போனாலென்ன என்றார். இன்னொருவர் பூசாரியோடு எல்லாம் தீர்ந்தது என்றார். எழுந்துபோகும்போது யாரும் முடிவு சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தபடி சதீஷ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பதினாறு முடியற வரைக்கும் அவருக்காக இருந்துடுவேன்மா. அதுக்கப்புறம் என்னால கேரண்டி குடுக்க முடியாது. உன்னை ஏமாத்தணும்னு சொல்லல. கயிறு செல்லும்னா இருப்பேன். செல்லாதுன்னா எதைப் பிடிச்சிகினு இருக்கறது? முடியலைன்னா வான்னு சொல்ல ஆளு இருந்தாரு. இப்ப முடியலைன்னா எங்க போறது?" சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் தாய், என்னிடம் வா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு முறை அவன் வந்தான், நான் அரிவாள்மனையை எடுத்தேன். என்னிடம் அவன் வெட்கப்படமாட்டான், நானும் அவனை ஒளித்துவைப்பேன். அதற்கு நான் ஆள் இல்லை.

தனக்கென்று ஏதும் கேட்காமல் நம் எல்லோருக்கும் ஓடிய மனிதர் கொளஞ்சி பூசாரி. நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது இரண்டு. தோற்றவன் வந்து நிற்க ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. ஏய்க்கிறவன் வாசல் சாத்தியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்காக மனு எழுதிக்கொண்டே இருப்பேன், என் கை ஓயும் வரை.

முதலாவதற்கு உங்களைக் கேட்கிறேன். அவரிடம் கயிறு கட்டி, தவணை முடித்து, அவர் கையாலேயே அவிழ்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறவர்கள் உங்களில் பலர். தோற்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், அந்தக் கயிறுகள் இன்னும் செல்லும் என்றும், முடியாதவன் தன் வாசலுக்கு வரலாம் என்றும் சொன்னால் போதும். காரியம் வரும் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமைக்குள் அண்ணாமலையிடமோ என்னிடமோ பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் அதைச் சொல்லிவிடுங்கள், நான் வேறு யாரையாவது போய்க் கேட்க வேண்டும்.

தனலட்சுமி